சிறையிலிருந்து யோவான் கேட்ட கேள்வி

சங்கரன்கோவில்
டிசம்பர் 16

அன்பு மகன் பிரின்சுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபை உன்னை அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. நான் சுகம். அம்மா செப்டம்பரில் பக்கவாதம் வந்து விழுந்தபோது இருந்த மாதிரியேதான், வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் வரவில்லை, ஆனால் காலையில் இரண்டு இட்லி ஊட்டினால் சாப்பிடுகிறாள். கிணற்று மோட்டார் பழுது பார்க்கிற நம் கடையைப் பட்டறைப் பையன் தாஹா பார்த்துக்கொள்கிறான். நல்ல மழை, கிணறெல்லாம் நிறைந்துவிட்டது, அதனால் தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் கருகி வருவது குறைவு, மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம்.

போன மாதம் போனில் நீ ஒன்று கேட்டாய். “எத்தன பேரு ஜெபம் பண்ணுனாங்க, என்னப்பா நடந்துச்சு? இனிமே நான் கோயிலுக்குப் போவலை” என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, இத்தனை வருஷமும் அம்மா வேட்டி சட்டையை எடுத்து வைத்ததால்தான் நான் கோயிலுக்குப் போனேன். வேதம் வாசிப்பது அவள் வேலை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை என்று இருந்துவிட்டேன். அவள் விழுந்த பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் தொடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நாட்கள் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு கதீஜம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். “டிசம்பர் வந்தா பொன்செல்வி வாசிக்கது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும். இப்பம் சத்தத்தையே காணோம். நீங்க வாசிக்கலாம்லா அண்ணாச்சி” என்றாள். அம்மாவுக்குப் புரியுமோ என்னவோ என்றேன். திருநெல்வேலி டாக்டரும் எவ்வளவு புரிகிறது என்று இப்போது சொல்ல முடியாது என்றுதானே சொன்னார். “கண்ணு எல்லாத்தையும் பாக்குதே. வாசிங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தேயுவை எடுத்தேன். முதல் அதிகாரத்தின் தொடக்கமே பெயர்கள்தான், இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று போகிறது. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஆபிரகாமைச் சொல்லி நேரே தாவீதுக்குத் தாண்டினேன். அம்மா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். தலையணையைச் சரிசெய்தேன், மறுபடியும் தட்டினாள். பிறகு புத்தகத்தையே தட்டினாள். விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன், கை ஓய்ந்தது. நிஜந்தானா என்று பார்க்க வேண்டுமென்றே இன்னும் இரண்டு பெயரை விட்டேன், உடனே தட்டினாள். மூன்று மாதம் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, இவள் எதிரிலேயே வந்தவர்களிடம் என்னென்னவோ பேசியிருக்கிறேன். அந்த அதிகாரத்தை முடிவுவரை வாசித்தேன்.

அன்றிலிருந்து தினம் ஒரு அதிகாரம். பதினோராவது நாள் யோவான் சிறையில் இருக்கிற இடம் வந்தது. வருகிறவர் இவர்தான் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், ஆண்டவரிடம் இரண்டு பேரை அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு ஒருவருக்காகக் காத்திருக்கணுமா என்று கேட்கச் சொல்கிறான். எத்தனையோ தடவை காதில் விழுந்ததுதான், அன்றுதான் கேட்டேன். அது நீ போனில் கேட்ட கேள்வி, நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய்க்குள்ளேயே கேட்டதும் அதுதான். ஆண்டவர் அவனைக் கோபிக்கவில்லை, காண்பதையும் கேட்பதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார், அவர்கள் போன பிறகு அவனைப் பெருமையாகவும் பேசுகிறார். யோவானுக்குச் சிறைக்கதவு திறக்கவில்லை, அதையும் நான் பார்த்தேன். ஆனாலும் கேட்டவனைத் தள்ளிவிடாத ஒருவரிடம்தான் நாம் கேட்கிறோம் என்று ஒரு தைரியம் வந்தது. அம்மா எழுந்து நடந்தால்தான் நம்புவேன் என்கிற எண்ணம் அதோடு போயிற்று. எப்படிப் போனது என்று எனக்கு விளக்கத் தெரியாது.

போன ஞாயிறு குருவானவர் என்னைக் கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். சொல்லுமளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை ஐயா, வழக்கமாக அவள் கோயிலில் வாசிக்கிற வேதபாடத்தை வேண்டுமானால் வாசிக்கிறேன் என்றேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன், ஆனால் ஒரு வார்த்தையும் விடவில்லை.

மக்கா, நீ கோயிலுக்குப் போ என்று இதை எழுதவில்லை. உன் கேள்வியைக் கேட்டுக்கொண்டே மத்தேயுவைத் திற, நம்பிக்கை வரட்டும் பிறகு வாசிக்கலாம் என்று காத்திருக்காதே. ஏப்ரலில் லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா
யேசுவடியான்

கடிதத்தை மடிக்கும்போது அம்மா பேனாவுக்குக் கை நீட்டினாள். தாளைப் பலகையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன், இடது கையால் வெகுநேரம் எழுதினாள். கீழே கோணலாக இருக்கிற ‘பி’ அவள் எழுதியது, உன் பெயரின் முதல் எழுத்து. மீதியை நாளைக்கு எழுதுவதாகக் கண்ணால் சொன்னாள், நான்தான் இதுவே போதும் என்று தபாலில் சேர்க்கிறேன்.