அம்மாவுக்கு மீன் நாறுகிறது

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கானாத்தூரில் நாங்கள் இருவரும் காய்ச்சல் விட்டு எழுந்து நடமாடுகிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் இருக்க எல்லையம்மன் துணை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது, அதனால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடு.

ஊரடங்கில் இப்போது சமையல் என் தலையில். கட்டிலில் படுத்துக்கொண்டே புளி பத்தாது, மிளகாய்த்தூள் பச்சை வாசனை போகட்டும் என்று அதிகாரம் பண்ணுவாள் என்றுதான் நினைத்தேன், அவள் அடுப்படிப் பக்கமே வருவதில்லை. வெங்காயம் வதக்கினால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாள். ஆறின இட்லி, தயிர்ச்சோறு, அவ்வளவுதான் இறங்குகிறது. காய்ச்சலில் அவளுக்கு வாசனையே தெரியாமல் போயிற்று என்று சொன்னேன் அல்லவா, அது திரும்பி வந்தது, ஆனால் கோணலாக வந்தது. காபி, முட்டை, மீன் எல்லாமே அழுகின வாடையாக அடிக்கிறதாம். சிலருக்கு இப்படி ஆகும், போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் போனில் சொன்னார். இதை அவர் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் படுத்திருந்தபோது இந்தத் தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, உன் மாமன் துளசிங்கம்தான் போட்டிலிருந்து இறங்கியதும் தினமும் மீன் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, அக்கா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவான். ஒருநாள் நல்ல சங்கரா மீன் வைத்திருந்தான். அம்மா பையைப் பிரித்தவள் மூஞ்சியைச் சுளித்து, கெட்டுப்போன மீன் என்றாள். நானும் முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, செவுளும் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் மீன் விஷயத்தில் உன் அம்மா முத்தாலம்மாள் சொன்ன பிறகு மறுத்துப் பேசியவர் இந்தக் குப்பத்தில் யார் இருக்கிறார்கள். பள்ளிக்கரணையிலும் கோவிலம்பாக்கத்திலும் வாடிக்கை வீட்டுக்காரர்கள் மீனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவள் பேச்சை நம்பி வாங்குகிறவர்கள். நான் என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன். அவள் தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் பையோடு கரைக்குப் போனாள். ஏலம் நடக்கிற இடம், அத்தனை பேர் முன்னால் பையை மணலில் கொட்டி, "நோவு வூடுன்னு அழுகின மீன குட்த்துகினு போறியா?" என்று கேட்டுவிட்டாள். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மணலைக் கழுவி, கூடையில் போட்டுக்கொண்டு போனான். பின்னாலேயே போன நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம், அது இப்போது உறைக்கிறது.

டாக்டர் சொன்ன அன்று அம்மா அழுத அழுகை இருக்கிறதே, அவள் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. மறுநாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவளே வவ்வால் மீன் குழம்பு வைத்தாள். இரண்டு தடவை வெளியே ஓடிப்போய் ஓங்கரித்துவிட்டு வந்து கிளறினாள். வாசனை சரியா என்று என்னைக் கேட்டுக் கேட்டு இறக்கினாள். துளசிங்கம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், அவன் மனைவி வாங்கி உள்ளே வைத்தாள், அவன் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டாக்டர் சொன்னதை எல்லாம் விளக்கமாகச் சொன்னேன், இது நோய் பண்ணின வேலைடா, அவள் பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று கெஞ்சினேன். கேட்டுவிட்டு, "மீனு நாறுதுன்னு சொன்னது நோவு மாமா, ஒத்துக்கிறேன். நோவு வூடுன்னுதான் குட்த்தேன்னு சொன்னது ஆரு?" என்றான். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, குழம்பு நன்றாக இருந்ததாகச் சொன்னான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேட்டில் இப்போது பை தொங்குவதில்லை. விடிந்ததும் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறாள்.

உன்னை ஆசையாய் வளர்த்த மாமன், உன் குரலுக்கு இறங்குவான் என்று தோன்றுகிறது. ஒரு போன் போடு. அம்மாவுக்காக வாதாடாதே, நோயைப் பற்றி விளக்கம் சொல்லாதே, அதை நான் சொல்லிக் கெடுத்தாயிற்று. சும்மா மாமா என்று கூப்பிட்டுப் பேசு.

மாப்பிள்ளை வேலைக்குப் போய் வந்தால் குளிக்காமல் பிள்ளையைத் தூக்க விடாதே. வெயில் நேரத்தில் மோர் குடி. அம்மன் உங்களைக் காப்பாள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். அக்கா எப்படி இருக்கிறாள் என்று துளசிங்கம் உன்னிடம் கேட்டானா இல்லையா, அதை மட்டும் எனக்கு எழுது. கேட்கவில்லை என்றாலும் மறைக்காதே, கேட்டான் என்று அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோபு