கொப்பியில் எழுதாமல் விட்டவை

இன்றைக்கும் பதினொன்றரைக்கு மேசைகளைப் பிளீச் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். பிள்ளைகள் கை கழுவப் போயிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் செய்கிற வேலைதான், மணமும் பழகிப்போனதுதான். குளிருக்கு ஜன்னல்கள் இறுகப் பூட்டியிருந்ததாலோ என்னவோ, இன்று அது மூக்கில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. துணியோடு நானும் நின்றுவிட்டேன். பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட நீ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நீ போய் நாலு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது ஆறு வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். கேட்க நீ இல்லை என்ற துணிவில்தான் எழுதுகிறேன். அதையும் முதலே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மொன்றியலில் நீயும் நானும் சிறுபிள்ளைக் கல்விப் பட்டப்படிப்பில் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் எல்லோருக்கும் இருபது வயது. நமக்கு முப்பத்தைந்து தாண்டி, வீட்டில் ஆளுக்கொரு பெண்பிள்ளையும் இருந்தது. நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். நான் கொஞ்சம் பெருமைக்காரி என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாய். பின்னேரம் ஐந்து மணிக்கு நீ ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கப் போவாய். “இந்தப் படிப்பு முடியட்டும், அந்த வாளியைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வாறன்” என்பாய். உனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

படிப்பை விட ஸ்டாஜுக்கு, அதுதான் வேலைப் பயிற்சிக்கு, ஆயத்தப்படுத்துவதுதான் பெரும்பாடு. பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற கார்டெரி ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் எத்தனை காகிதம்! பொலிஸ் சான்றிதழ், முதலுதவிப் பத்திரம், பெற்றோருக்குப் படத்தோடு ஓர் அறிமுகக் கடிதம், தடுப்பூசி அட்டை. உன் அட்டை இடம்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. அதனால் எல்லா ஊசியையும் திரும்பப் போடச் சொன்னார்கள். இரண்டு கையும் தூக்க முடியாமல் மெட்ரோவில் வந்தாய், நான்தான் உன் பையைச் சுமந்தேன். முதலுதவி வகுப்பில் ரப்பர்க் குழந்தையின் நெஞ்சை அமுக்கச் சொன்னபோது “ஐயோ, நோகுமடி” என்று விரலை எடுத்துவிட்டாய். வகுப்பே சிரித்தது. நான் உன்னைத் தெரியாதவள் போல ஜன்னலைப் பார்த்தேன். அது சின்ன விஷயம். ஆனாலும் என் குணம் அப்போதே வெளியே தெரிந்துவிட்டது.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உன் வீட்டுக் குசினிதான் நமக்குப் பயிற்சிக்கூடம். கவனிப்புக் கொப்பி எழுதப் பழகவேண்டும். பிள்ளை செய்வதைப் பார்த்து எழுத வேண்டும், பார்த்ததை மட்டும்; நாம் நினைப்பது, ஊகிப்பது ஒன்றும் வரக்கூடாது. உன் எட்டு வயது மகளை மேசையில் இருத்தி இரண்டு பேரும் எழுதினோம். நீ சிரித்துச் சிரித்தே எழுதாமல் விட்டாய். “பிள்ளை அழுதா ஏன் அழுகுதெண்டு எழுதக் கூடாதாம். கண்ணாலை தண்ணி வந்தது எண்டு மட்டும் எழுதோணுமாம். பெத்தவளுக்கு இதை எழுத ஏலுமே?” என்றாய். “எடி விசரி, ஒழுங்கா எழுது, புள்ளி குறைப்பினம்” என்று நான் வெருட்டினேன். நம் இரண்டு பேரின் பிரெஞ்சையும் திருத்தியது உன் மகள்தான். அவளுக்கு நம் பிழைகள் நல்ல பொழுதுபோக்கு.

நீண்ட ஸ்டாஜுக்கு முன்னால் ஒரு வாரம் ஆயத்தப் பயிற்சி. அதில் தேறினால்தான் மற்றது. அஹுன்ட்சிக் பக்கத்தில் ஒரு கார்டெரிக்கு நம் இருவரையும் சோடியாக அனுப்பினார்கள். முதல் மூன்று நாள் நீ பிள்ளைகளோடு இருக்க நான் உன்னைக் கவனித்து எழுதவேண்டும், மற்ற இரண்டு நாள் நான் இருக்க நீ எழுதவேண்டும். வெள்ளிக்கிழமை கொப்பிகள் மேற்பார்வை ஆசிரியையிடம் போகும். முதல்நாள் மேசை துடைத்தபோது “அங்கையும் பிளீச், இஞ்சையும் பிளீச், என்ரை விதியைப் பார்” என்று சொல்லிச் சிரித்தாய்.

அந்த அறையில் மூன்று வயதுத் தமிழ்ப் பெண்பிள்ளை ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. தாய் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில். திங்கள் சாப்பிடவில்லை, செவ்வாய் சாப்பிடவில்லை. இரண்டு நாளும் நீ பக்கத்தில் இருந்து கரண்டியைக் கையில் கொடுத்துப் பார்த்தாய். அது கரண்டியை மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை தானாக எடுத்துத் தானாக உண்ண வேண்டும், பெரியவர்கள் வாயில் எதையும் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. நமக்கும் வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை நீ எழும்பிப் போய்க் கையைக் கழுவினாய். சவர்க்காரம் போட்டு, முழங்கை வரை. திரும்பி வந்து சோற்றையும் பட்டாணியையும் விரலால் பிசைந்து சின்ன உருண்டையாக்கினாய். “காகத்துக்கு ஒரு வாய், அணிலுக்கு ஒரு வாய், இது எங்கடை பிள்ளைக்கு” என்றாய். அந்தக் குழந்தை உன் கையைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. தட்டு வெறுமையாகும் வரை திறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக.

ஆனால் அறைக்குப் பொறுப்பான பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அவள் உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நம் இரண்டு பேரையும் ஒரே கணக்கில் சேர்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. அந்த நேரம் என் மனதில் வந்தது குழந்தையும் இல்லை, நீயும் இல்லை. நான் வேறு என்று அவளுக்குக் காட்டவேண்டும் என்பதுதான்.

கொப்பியை எடுத்து எழுதினேன். ‘மாணவி உணவை விரல்களால் பிசைந்தார். குழந்தையின் வாயில் எட்டுத் தடவை வைத்தார். கரண்டி கொடுக்கப்படவில்லை.’ ஒரு சொல் பொய்யில்லை. அன்று நீ கரண்டி கொடுக்கவில்லைதான். முந்திய இரண்டு நாளும் கொடுத்ததை எழுதவில்லை. பிள்ளை இரண்டு நாள் பட்டினி கிடந்ததை எழுதவில்லை. நீ கை கழுவியதைக்கூட எழுதவில்லையே, அதையும் கண்ணால்தானே பார்த்தேன்! பார்த்ததை மட்டும் எழுது என்ற விதிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, எனக்கு வசதியானதை மட்டும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டாள். என் கொப்பி மிகத் தெளிவாக இருக்கிறதாம், முதல்தரமாம். பிறகு மெல்லக் கேட்டாள்: “உங்கள் நாட்டில் இப்படித்தான் உணவு கொடுப்பீர்களா?” “சில பேர் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் இல்லை” என்றேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து என் மகளுக்குப் புட்டும் வாழைப்பழமும் கையால் குழைத்து வாயில் தீத்தினேன். தீத்தித் தீத்தித் தொலைக்காட்சியும் பார்த்தேன். கை கூசவில்லை. கூச்சம் பிறகுதான் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை.

அடுத்த கிழமை உனக்குக் கடிதம் வந்தது. நீண்ட ஸ்டாஜுக்கு நீ இன்னும் ஆயத்தமில்லை, அடுத்த வருடம் திரும்பச் செய்யலாம் என்று. தொலைபேசியில் அதை எனக்கு எழுத்துக்கூட்டி வாசித்தாய். “அந்த அறைக்காரிதான் சொல்லியிருப்பா. அவவின்ரை வேலை அது, என்ன செய்யிறது. அந்தப் பிள்ளை இப்ப சாப்பிடுதோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லடி” என்றாய். அதுதான் உண்மையைச் சொல்லக் கிடைத்த இடம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியும், உனக்கு நல்லாய்த் தெரியும். “நான் டீச்சரோடை எவ்வளவோ கதைச்சுப் பாத்தன். சண்டை பிடிக்காத குறை. அவ கேக்கேல்லை” என்றேன். நீ அழுதாய். கடிதத்துக்கு அழாதவள், எனக்காக அழுதாய்.

நீ திரும்ப வரவில்லை. வகுப்புக் காசையும் நேரத்தையும் இன்னொரு வருடம் தேட உன்னால் முடியவில்லை. வாளியோடுதான் இருந்தாய், வருத்தம் வந்து படுக்கும் வரைக்கும். எனக்குப் பட்டம் கிடைத்தது, ரொக்ஸ்பரோவில் வேலையும் கிடைத்தது. வாழ்த்துச் சொல்ல நீ கேக்கோடு வந்தாய். எனக்குப் பெரிய துண்டாக வெட்டித் தந்தாய். அதற்குப் பிறகு உன்னைக் காண்பதைக் குறைத்துக்கொண்டேன். வேலை, தூரம், பனி என்று காரணம் சொன்னேன். மொன்றியலில் பனிக்கா பஞ்சம்?

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. நான் பின்னால் நின்று போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். உன் மகள் என்னைக் கண்டுவிட்டாள். பதினாலு வயது, உன் நெற்றி, உன் நடை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினாள். தமிழைத் தேடித் தேடி எடுத்துத்தான் கதைத்தாள். “இவதான் அந்த அன்ரி. அம்மாவுக்கு அந்த ஸ்டாஜ் பிரச்சினை வந்தபோது ஒரு ஆளும் இல்லை. இவ மட்டும் டீச்சரோட சண்டை பிடிச்சவ. அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவா.” பிறகு என்னிடம் கேட்டாள்: “ஓம்தானே அன்ரி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வயதானவர் என்னைக் கும்பிட்டார்.

“ஓம் பிள்ளை” என்றேன்.

உண்மையைச் சொன்னால் பிள்ளையின் மனம் நோகும், தாயைப் பற்றி வைத்திருக்கிற ஒரு நல்ல நினைவு உடையும் என்று வீட்டுக்கு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதுவும் பொய்தான். எனக்கு வெட்கம், வேறொன்றும் இல்லை. நீ உன் வீட்டுக்குள் எனக்கு ஒரு நல்ல பெயரை வளர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பிள்ளைக்கும் சொல்லி, சொந்தத்துக்கும் சொல்லி, ஆறு வருடமாக வளர்த்திருக்கிறாய். அந்தப் பெயரோடுதான் நான் இப்போது இந்த ஊரில் நடந்து திரிகிறேன். அதைக் கழற்றிவைக்க உன் மகளிடம்தான் போகவேண்டும், நான் இன்னும் போகவில்லை.