கல்கத்தாவில் நம்ம ஆட்டுப் புத்தகம்

கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை, கம்பவுண்டரு. கல்கத்தாவிலிருந்து திண்டுக்கல் வந்து இரண்டு நாளாகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் நீலமாகவே இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள்.

அவளோடு ஊர் சுற்றத்தான் போனேன். பாலம், டிராம் எல்லாம் பார்த்த பிறகு தேசிய நூலகத்தையும் பார்ப்போம் என்றாள். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. வடமதுரை மாட்டாஸ்பத்திரியில் மருந்து கலக்கிய நேரம் போக, ஆடு மேய்த்த என்னை உட்கார வைத்து, ஆட்டு வைத்தியம் கேட்டுக் கேட்டு எழுதினாயே, ஒரு சின்னப் புத்தகம்! அச்சானதும், "ஒண்ணு கல்கத்தா லைப்ரரிக்குப் போகணும் மாப்ளே, அது சட்டம்" என்று பார்சல் கட்டினாய்.

நான் அப்போது உன்மேல் கோபமாக இருந்தேன். குட்டியை அண்டவிடாத தாயாட்டின் காதோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் இளகிவிடும் என்று சொல்லியிருந்தேன்.

"ஏலே, இதெல்லாம் வைத்தியமா? ஆபீசர் சிரிப்பாரு. எழுதினதை அடிச்சுட்டேன்" என்றாய்.

"அப்ப என்னைப் பொய்யன்ங்கிறியா?"

அச்சான புத்தகத்தை நீட்டினாய், நான் தொடவில்லை. பிறகு ராசியானோம். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. உன் வீட்டில் இருந்த புத்தகங்களைக் கறையான் தின்றது. நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். என்னை நம்பினாயா இல்லையா என்பது மட்டும் தெரியாமலே போனது.

நூலகத்தில் தமிழ்ப் பகுதியைப் பார்க்கிற அம்மா பதிவேட்டை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கய்யா."

"எழுதப் படிக்கத் தெரியாதும்மா."

"அப்புறம் புத்தகம் எதுக்கு?"

"எழுதினவனை விசாரிக்க வந்திருக்கேன்."

சிரித்துக்கொண்டே மைப்பெட்டியைத் தந்தார். செத்த நேரத்தில் புத்தகமும் வந்தது. மகள் ஒவ்வொரு நோயாகப் படிக்க, நான் முந்திக்கொண்டு மருந்தைச் சொன்னேன். "மனப்பாடமாய்யா?" என்றார் அந்த அம்மா. "நான் சொன்னதுதானேம்மா!"

கடைசிப் பக்கத்தில், அடித்துவிட்டேன் என்று நீ சொன்ன தாயாட்டு விஷயம் அப்படியே இருந்தது. அதன்கீழே நீ எழுதியிருந்தாய்: "இதை நான் பார்த்ததில்லை. ஆனால் சொன்ன என் நண்பன் பார்க்காததைச் சொல்ல மாட்டான்."

ஏப்பா, இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பாய்? நானும்தான் அன்றைக்குக் கையை நீட்டி வாங்கியிருக்கலாம்.

ரயிலில் வரும்போது அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப மகளிடம் கேட்டேன். "போதும்ப்பா, பக்கத்துல இருக்கவுகளுக்கே பாடமாயிருச்சு" என்றாள். எனக்கும் ஆகிவிட்டது. இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்டாலும், கேட்காவிட்டாலும்.