கிராஃபீன் ஒட்டாத சிப்பு

பாகூர். செவ்வாய் ராத்திரி.

எரிச்சலா இருக்கு. சிப்புக்குள்ள சேதிய வெளிச்சத்துல அனுப்பணும்னா அத அணைச்சி அணைச்சி ஏத்தணும். எங்க சிப்பு மேல ஒட்டுன கிராஃபீன், அந்த ஒரு அணு கனத்துக் கார்பன் ஏடு, அதச் செய்யுதுன்னு போன வாரம் என் பிஎச்டி கைட் சார் லேப் முழுக்க ஸ்வீட் கொடுத்தாரு. வோல்டேஜ் கொடுத்ததும் வெளிச்சம் பாதியா கொறஞ்சிதே!

இன்னிக்கு எதுக்கும் பாப்போம்னு கிராஃபீனே ஒட்டாத வெறும் சிப்ப வச்சேன். அதுலயும் அப்படியே கொறயுது. வோல்டேஜ் கொடுக்க ஊசிய எறக்கறப்ப சிப்பு துளி நகருது. ஃபைபர்லேந்து வர்ற வெளிச்சத்துல பாதி உள்ளயே போவல. அவ்ளோதான்.

சார்கிட்ட சொன்னேன். "வெறும் சிப்ப அளக்கச் சொல்லி யாரு கேட்டா?"ன்னு கத்தினாரு. ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பியாச்சே, திருப்பி வாங்கணுமே சார்ன்னேன். "பாக்கலாம்"னாரு. இன்னாத்த பாக்கறது? அதுல மொதப் பேரு என்னுது.

வூட்டுக்கு வந்தா, தெனமும் கேக்கறதயே அம்மா கேட்டுச்சி. என் ஆராய்ச்சில அதுக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான்.

"இன்னாடி, இன்னிக்கு லைட்டு அணைஞ்சிதா?"

"அணைஞ்சிதும்மா."

"அப்பறம் ஏன்டி மூஞ்சி இப்டி கீது?"