காலி ஓடுகள்

மார்ச் 2

அன்புள்ள மருமகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உன் மகன் குருவி தவழாமல் குப்புறக் கிடந்தபோதே, "இவனுக்கு மருந்து எங்க ஆலையிலேருந்துதான் வரும்" என்றேன். உன் அம்மா சிரித்தாள். இப்போது சிரிக்கச் சொல்.

நான் வாயு சிலிண்டர் மாற்றாவிட்டால் இங்கே ஒரு செல்லும் மூச்சு விடாது. தொட்டி நிறையச் செல்கள். ஒவ்வொன்றும் வைரஸின் வெறும் மேலோட்டைச் செய்து, குருவிக்கு இல்லாத மரபணுவை உள்ளே வைத்து மூட வேண்டும்; அதுதான் மருந்து. பழைய செல்கள் சோம்பேறிகள்; உடைத்தால் பருப்பே இல்லாத கடலை மாதிரி, பாதிக்கு மேல் காலி ஓடு. இப்போது புதுச் செல்வகை உருவாக்கிவிட்டார்கள். சூப்பர்வைசரம்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பாருங்கண்ணே, ஒண்ணுகூட காலி இல்ல." கண்ணால் பார்த்தேன். தைரியமாக இரு.

உன் மாமா

மார்ச் 8

அன்பு மாமாவுக்கு,

குருவிக்கு இப்போது தலை நிற்கவில்லை. பால் புரையேறினால் இருமக்கூடத் தெம்பில்லை. அவன் தூங்கினாலே மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

டாக்டர் சொன்னார்: "இதை ஒரே ஒரு தடவதாம்மா போட முடியும். மறுபடி போட்டா உடம்பே விரட்டிடும். புதுச் செல்லோட முதல் தொகுதிக்கு அனுமதி கிடைச்சிடுச்சு. ஆனா ஓடெல்லாம் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு இன்னொரு சோதனை நடக்குது. காத்திருக்கறதா, இப்பவே போடறதான்னு நீங்கதான் சொல்லணும்."

காத்திருக்கலாம் என்றார் வீட்டுக்காரர். "மாமா கண்ணால பாத்திருக்காரு" என்று நான்தான் சண்டை போட்டேன். வியாழக்கிழமை ஊசி. உங்களை நம்பித்தான்.

மருமகள்

மார்ச் 12, வியாழன்

அம்மாடி,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. மருத்துவமனைக்காரர்கள், "பெத்தவங்க பேசட்டும்" என்று போனை வைத்துவிட்டார்கள். மருந்துப் பெட்டி ஏறிய வண்டியிலேயே, டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியை இறக்குமுன் உன்னிடம் தரச் சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்று டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

சம்மதம் சொல்லாதே. அந்தச் சோதனை என்ன ஆயிற்று என்று முதலில் கேள். மருந்து நன்றாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது.

சிலிண்டர் அறைக்கும் தொட்டி அறைக்கும் நடுவே கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டி நான் போனதே இல்லை. அன்று சூப்பர்வைசரம்மா திரை முன்னால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். ஒன்றுகூடக் காலி இல்லை என்று சொன்னது அவர் இல்லை. நான்.

மாமா