வாய் கொப்பளித்துவிட்டுக் கிணற்றடிக்கு

மச்சான்,

இன்று விடிய வாளித் தண்ணீரை நாக்கில் வைத்தபோது உன் ஞாபகம் வந்தது. மாரி இந்த வருஷமும் பிந்திவிட்டது. ஆனாலும் தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீராகவே இருக்கிறது.

எங்கள் ஐந்து வீட்டுப் பங்குக் கிணற்றில் முதலில் தண்ணீர் இறைக்கிற மெசின் பூட்டியவன் நான். கரவெட்டியில் நான் அதை முடுக்கினால் நெல்லியடிச் சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். நீங்கள் துலா மரத்தில் ஏறி மிதித்து அரை நாள் இறைத்ததை, ஒரு வாய் வெற்றிலை சப்பி முடிவதற்குள் இறைத்தேன். வெங்காயம் ஆள் உயரம் வளர்ந்தது.

நீ மட்டும் சந்தோஷப்படவில்லை. கிணற்றில் தவளைச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தவன் நீ. மெசின் இறைக்க இறைக்க நிலத்துக்குக் கீழால் கடல் வருகிறது என்றாய். நான் பங்காளிகள் எல்லோருக்கும் முன்னால் ஒரு வாளி அள்ளிக் குடித்து, இளநீர் மாதிரி இருக்கிறதென்று தீர்ப்புச் சொன்னேன்.

"உன்ரை நாக்கு புகையிலையிலை ஊறிப்போய்க் கிடக்கு, மச்சான். வாயைக் கொப்பளிச்சுப்போட்டு நாளைக்கு விடிய வந்து குடி" என்றாய் நீ.

எல்லோரும் சிரித்தார்கள். ரோசத்தில் அன்று முழுக்க வெற்றிலை தொடவில்லை. விடிய வந்து குடித்தேன். உவர். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஐந்து வீடும் தோட்டத்தை விட்டுப் போகவேண்டியதுதான்.

மெசினைக் கழற்றியவனும் நான்தான்; அங்கே யாரும் கேட்டால் அதையும் சொல். திரும்பவும் துலா. இறைப்பு முறையைக் குறைத்தோம். வெங்காயத்தைப் பாதியாக்கி, கொஞ்சத் தண்ணீரில் விளைகிற குரக்கன் விதைத்தோம். கடலுக்கு ஓடிய மழைவெள்ளத்தை வரம்பு கட்டி மறித்து நிலத்துக்குள் இறங்கவிட்டோம். நீ மண் வெட்டினாய், நான் ஆலோசனை சொன்னேன். தண்ணீரில் உவர் போக மூன்று மாரி பிடித்தது. மூன்றாவது மாரிக்கு நீ உயிரோடு இல்லை.

போன கிழமை பங்காளி ஒருவன் எங்கேயோ மண்ணெண்ணெய் தேடிப்பிடித்து வந்து மெசினைக் கேட்டான். பயிர் வாடுகிறது, ஒரு நாளைக்கு மட்டும் என்று கெஞ்சினான்.

"ஏலாது. ஒரு போகம் வாடட்டும். கிணறு போனால் நாங்களும் போகவேணும். எண்ணெயை விளக்குக்கு ஊத்து" என்றேன். முறைத்துக்கொண்டு போனான். அடுத்த நாள் துலா மிதிக்க அவன்தான் முதல் ஆளாய் வந்தான்.

வெற்றிலையை அடியோடு விட்டுவிட்டேன். ஊரில் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன். கிணற்றுக்கு ஏழு தவளை திரும்பி வந்திருக்கிறதென்றும் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் உண்மை சொல்கிறேன்: ஒன்றுதான்.

ஆனால் நன்றாகக் கத்துகிறது. நாளைக்கும் வாய் கொப்பளித்துவிட்டுப் போவேன்.