கழியில் லூர்துவின் முறை

பிப்ரவரி 2, வெள்ளி
காலையில் பனி. மெழுகுவர்த்தித் திருநாள் பூசை. மூட்டுவலி; தைலம் தீர்ந்தது.
நாளை எண்ணூர்க் கழிக்குச் சென்று மகள் லூர்துவை இராயபுரத்துக்கே அழைத்துவருவதென முடிவு. மருமகன் சவரி கடலில் மறைந்து ஏழு மாதம். குப்பத்தில் அவள் தனித்திருத்தல் தகாது. மாடியறை பெருக்கியாயிற்று. கொண்டுசெல்ல: ரொட்டி, குடை, அவளுக்கொரு ஜெபமாலை.

பிப்ரவரி 3, சனி
எண்ணூர் வரை பேருந்து, பின் தோணி. பிற்பகல் வெயில் கடுமை. கழியோரம் 'பறவைகளைச் சுடாதீர்' என்னும் அரசுப் பலகை. அதன்மேல் நீர்க்காகம் ஒன்று சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. அப்பால் பூநாரைகள், நூற்றுக்கணக்கில். நாற்பது ஆண்டு நெய்தல் திணையைக் கற்பித்தேன்; கழியும் நாரையும் கரும்பலகையோடு சரி. சேறு இவ்வளவு நாறும் என்று எப்புலவரும் சொன்னதில்லை.
இடுப்பளவு நீரில் நான்கு பெண்கள். வாயில் பறி என்னும் ஓலைக்கூடையைக் கவ்வி, இரு கையாலும் இறால் துழாவியபடி. நான்காமவள் என் மகள். பறியை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.
"இன்னா நைனா, வேட்டி பூரா சேறு! அந்தாண்ட கல்லுமேல குந்து."
வந்த காரியத்தைச் சொன்னேன்.
"வந்து? மாடில குந்திகினு ஜபமால உருட்டவா? வலை கீது, தோணி கீது. கழில எங்க வூட்டு முறை போச்சு. அதான் பேஜாரு."
வலையிடும் இடங்களை ஆண்டுதோறும் சீட்டெடுத்துப் பிரித்துக்கொள்வது இவ்வூர் வழக்கம்; அந்தப் பங்குதான் முறை. சீட்டெடுக்க வீட்டில் ஆண் வேண்டும். சவரி போனதும் வீட்டின் பெயரை நீக்கிவிட்டார்கள். செவ்வாயன்று சீட்டு.
நாரையைத் தூதுவிட்ட தலைவியரைப் பற்றி ஏதோ சொல்லப்போனேன்.
"அதுக்கு ஏது நேரம் நைனா? அதுவும் வயித்துக்குத்தான் நிக்குது."
தனியே திரும்பினேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு
பூசையில் மனம் ஒன்றவில்லை. சவரிக்கான திருப்பலியன்று 'ஆண்டவர் சித்தம்' என்று அவளைத் தேற்றியவன் நான். பெயரை நீக்கியவர் ஆண்டவர் அல்லர், ஊரார். ஆண்மகனற்ற வீட்டுப் பெண்கள் சபைமுன் நின்று பங்கு கேட்ட பகுதி வேதத்தில் உண்டு. எத்தனை முறை பிறருக்கு வாசித்திருப்பேன்!

பிப்ரவரி 5, திங்கள்
மறுபடி கழி. மகள் வீட்டு ஆணாக என்னைச் சேர்க்குமாறு ஊர்த்தலைவரிடம் கேட்டேன்.
"வலை இயுக்கத் தெரியுமா, வாத்யாரே?"
"தெரியாது."
"நீச்சலு?"
"இல்லை."
"அப்போ இன்னாதான் தெரியும்?"
"இலக்கணம்."
கூடியிருந்தோர் சிரித்தனர். "மீனு இன்னா இலக்கணம் பாத்தா வலைல வுயுது?" என்றார் ஒருவர்.
தலைவர் சிரிக்கவில்லை. "வந்துபோற ஆளெல்லாம் சேராது. இங்கியே துன்னு இங்கியே தூங்கணும். முடியுமா?"
என் வீடு, நூல்கள், கோயிலில் ஞாயிறு வாசகம். ஒவ்வொன்றாய் எண்ணிப்பார்த்தேன்.
தள்ளி நின்ற லூர்து கெஞ்சவில்லை. "உன்னால ஆவாது நைனா. வுடு."
"ஆகும்" என்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்
பெட்டி ஒன்று, நூல் மூன்று. வாசகத்துக்கு வேறொருவரைப் பார்த்துக்கொள்ளுமாறு பங்குத்தந்தையிடம் சொல்லியாயிற்று. வீட்டைப் பூட்டும்போது சாவி திரும்ப மறுத்தது.
பிற்பகல் மணலில் ஆண்கள் வட்டமாக. பெண்கள் தள்ளி. சீட்டெடுத்தேன். வடகரை. மீன் குறைந்த இடமாம். என் பெயரை எழுதப்போனவரிடம், 'லூர்து மேரி வீடு' என்று எழுதச் சொன்னேன். முணுமுணுப்பு. தலைவர், "எயுதுப்பா" என்றார்.
அவளிடம் போய், நல்ல இடம் வாய்க்கவில்லை என்றேன்.
"இடம் கெடக்கட்டும். பேரு எயுதிட்டாங்களா?"
"உன் பெயர்தான்."
முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையை உதறினாள். வெகுநேரம் உதறினாள். பிறகு: "சீக்கிரம் படு நைனா. தண்ணி ஏறசொல்லோ தோணில இருக்கணும்."